விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் பிள்ளையின் கையெழுத்து



சில மாதங்களுக்கு முன்பு, மும்பையில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருந்த வேளையில், ஒரு குடும்பத்தார் எனக்காகக் காத்திருந்தார்கள். தகப்பனார் முப்பது ஆண்டுகளாக இந்த நகரத்தில் டெம்போ ஓட்டிப் பிழைக்கிறவர். தாயார் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்கிறவர். மகன் வணிகவியலில் பட்டம் பெற்ற வாலிபன். தாயாரின் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் பாஸ்போர்ட்டும் ஒரு கட்டுக் காகிதங்களும் இருந்தன.

“பாஸ்டர் ஐயா, தம்பிக்குக் கனடாவில் காலேஜ் கிடைத்துவிட்டது. வருகிற வாரம் விசாவுக்குப் போடுகிறோம். பாஸ்போர்ட்டின்மேல் கைவைத்து ஜெபம்பண்ணுங்கள்” என்றார் தகப்பனார்.

ஜெபித்தேன். பின்பு அந்த வாலிபனைப் பார்த்து, “தம்பி, இந்த விண்ணப்பத்தில் உன்னைப்பற்றி என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டேன். அவன் தன் தகப்பனைப் பார்த்தான். தகப்பனோ, “அதையெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் ஐயா. நாங்கள் கையெழுத்துப் போட்டதோடு சரி” என்றார்.

அந்தக் காகிதக் கட்டை அன்றைக்கே பிரித்துப் பார்த்தோம். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் மகனுடைய கையெழுத்து இருந்தது. அதற்கு முந்தின பக்கங்களில் அவன் அறியாத இரண்டு காரியங்கள் இருந்தன. ஒன்று, அவனுடைய படிப்புக்கென்று உறவினர் ஒருவர் இருபத்தைந்து லட்சம் ரூபாய் வைத்திருப்பதாகக் காட்டியிருந்தார்கள். அப்படி ஒரு பணமும் இல்லை. ஒரு மாதத்திற்கு வட்டிக்கு வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிவிடுவதாக ஏற்பாடு. மற்றொன்று, அவனுக்குக் கிடைத்திருந்தது ஒரு தனியார் கல்லூரியின் ஓராண்டு டிப்ளமா. அதை முடித்தாலும் அந்நாட்டில் தங்கி வேலை செய்யும் அனுமதி அதற்குக் கிடையாது. ஆனால் அந்தத் தகப்பனோ, மகன் படித்து முடித்ததும் மூன்று ஆண்டு வேலை, அதன்பின் பி.ஆர்., அதன்பின் குடும்பம் முழுவதும் கனடா என்று நம்பி, ஊரிலுள்ள வீட்டுப் பத்திரத்தை அடகுவைக்க ஆயத்தமாயிருந்தார்.

அருமையான பெற்றோரே, இது ஒரு வீட்டின் கதை மட்டும் அல்ல. மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் வாழும் நம் குடும்பங்களில் இன்று அநேகர் இதே உறையைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஆகையால் இந்த மாதம் இதைக் குறித்துச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உரிமையும் அனுமதியும்

நாம் இந்த நகரங்களுக்கு வந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து நான் தாதர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது, என் கையில் இருந்தவை ஒரு தகரப்பெட்டியும் இரண்டாம் வகுப்புப் பயணச்சீட்டும் மாத்திரமே. எங்கே தங்குவாய், எவ்வளவு பணம் வைத்திருக்கிறாய், எப்போது திரும்பிப் போவாய் என்று எந்த அதிகாரியும் என்னைக் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. இந்தியாவின் எந்தப் பகுதிக்கும் செல்லவும் அங்கே குடியிருக்கவும் இந்தியக் குடிமகனுக்கு நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு உரிமை தந்திருக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் மும்பையில் தென்னிந்தியருக்கு விரோதமாகக் கிளர்ச்சி எழும்பியபோது நம் மூத்தோர் பயந்தார்கள், துன்பப்பட்டார்கள். ஆனாலும், “உன் அனுமதிக் காலம் முடிந்தது, ஊருக்குப் போ” என்று சட்டத்தின் பெயரால் அவர்களிடம் எவரும் சொல்ல முடியவில்லை.

நம் பிள்ளைகளின் பயணமோ வேறுவகையானது. அவர்கள் உரிமையின்பேரில் போகவில்லை, அனுமதியின்பேரில் போகிறார்கள். அந்த அனுமதிக்கு நிபந்தனைகள் உண்டு, காலவரையறை உண்டு. நிபந்தனை மீறப்பட்டால் அனுமதி போய்விடும். நாம் பிழைத்துக்கொண்டதுபோல அவர்களும் போய் இறங்கி எப்படியாவது பிழைத்துக்கொள்வார்கள் என்று எண்ணுகிறோமே, அங்கேதான் நம்முடைய தலைமுறை தவறிப்போகிறது. ரயிலேறி வந்தவனுடைய தைரியம் விமானம் ஏறிப் போகிறவனுக்குப் போதாது. அவன் விதியை அறிந்திருக்க வேண்டும், தன் விண்ணப்பத்தில் உண்மையாயிருக்க வேண்டும்.

2023-இல் நடந்தது என்ன?

கனடாவில் நடந்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். பஞ்சாபிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் சென்ற இந்திய மாணவர்கள் பலருக்கு 2023-ஆம் ஆண்டில் நாட்டைவிட்டு வெளியேற்றும் நடவடிக்கை வந்தது. அவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே முறையான விசாவோடு போனவர்கள். படித்து முடித்து, வேலையிலும் சேர்ந்து, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது பலருக்கு உண்மை வெளிப்பட்டது. அவர்கள் விசா பெறுவதற்குக் கொடுத்திருந்த கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் போலியானது.

நடந்தது இதுதான். ஜலந்தரிலிருந்த ஒரு முகவர் ஒரு கல்லூரியின் பெயரில் போலிக் கடிதம் ஆயத்தம்பண்ணி விசா பெற்றுக் கொடுத்தார். பிள்ளைகள் அங்கே போய் இறங்கியதும், அந்தக் கல்லூரியில் இடம் நிரம்பிவிட்டது, வேறொரு கல்லூரியில் சேருங்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களும் அதை நம்பி வேறிடத்தில் சேர்ந்து படித்தார்கள். விண்ணப்பத்தில் முகவரின் பெயர் எங்கும் இல்லை. மாணவன் தானே விண்ணப்பித்ததாகவே பதிவாகியிருந்தது. ஆகவே கேள்வி வந்தபோது பதில் சொல்ல வேண்டியவன் மாணவனே.

மாணவர்கள் டொராண்டோவுக்கு அருகிலுள்ள மிஸ்ஸிசாகாவில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து போராடினார்கள். 2023 ஜூன் மாதத்தில் கனடாவின் குடிவரவு அமைச்சர் வெளியேற்றங்களை நிறுத்திவைத்து, ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே ஆராய ஒரு குழுவை அமைத்தார். அவ்வாண்டு அக்டோபர் மாதத்திற்குள் ஆராயப்பட்ட 103 வழக்குகளில் 63 பேர் உண்மையான மாணவர்கள் என்றும், 40 பேர் அவ்வாறல்ல என்றும் அறிவிக்கப்பட்டது. அந்த முகவர் கனடாவிலேயே பிடிபட்டு, 2024-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஏமாற்றியவன் தண்டனை பெற்றான் என்று நாம் ஆறுதலடையலாம். ஆனாலும் அந்த வாலிபப் பிள்ளைகள் இழந்த ஆண்டுகளையும், உறங்காத இரவுகளையும், பெற்றோர் செலுத்திய பணத்தையும் யார் திருப்பிக் கொடுப்பார்?

கனடாவின் குடிவரவுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, விண்ணப்பிக்கிறவர் எல்லாக் கேள்விகளுக்கும் உண்மையாகப் பதிலளிக்க வேண்டும் என்கிறது. 40-ஆம் பிரிவு, முக்கியமான ஒரு காரியத்தைப் பொய்யாகச் சொன்னாலோ மறைத்தாலோ, ஐந்து ஆண்டுகள் அந்நாட்டிற்குள் வரத் தகுதியில்லை என்கிறது. “எனக்குத் தெரியாது, ஏஜென்ட் எழுதினார்” என்பது பொதுவாக அங்கே தப்பிக்கும் வழி அல்ல. எழுதினவன் யாராயிருந்தாலும் கையெழுத்திட்டவனே பொறுப்பாளி.

கதவு குறுகியிருக்கிறது

அந்தச் சம்பவத்துக்குப் பின் கனடா தன் விதிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றியது. 2023 டிசம்பர் 1 முதல், ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் அதைக் கொடுத்த கல்லூரியே குடிவரவுத் துறைக்கு நேரடியாக உறுதிப்படுத்த வேண்டும். இந்தச் சோதனை வந்தபின், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சந்தேகத்துக்குரிய கடிதங்கள் கண்டுபிடிக்கப்பட்டதாக அத்துறையின் அதிகாரிகள் 2024-இல் தெரிவித்தார்கள்.

அடுத்ததாக, எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. 2024 ஜனவரியில் முதன்முறையாக உச்சவரம்பு அறிவிக்கப்பட்டது. 2026-ஆம் ஆண்டுக்கென்று அறிவிக்கப்பட்ட மொத்த அனுமதிகள் 4,08,000. இவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே அங்கே இருக்கிற மாணவர்களின் நீட்டிப்புக்கானது. புதிதாக வருகிறவர்களுக்கு 1,55,000 மாத்திரமே. இது உலகம் முழுவதற்குமான கணக்கு.

இந்த வரம்பினிமித்தம், கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தோடு மாகாண அரசின் ஒப்புதல் கடிதமும் பெரும்பாலான மாணவர்களுக்குத் தேவைப்படுகிறது. அது இல்லாமல் அனுப்பும் விண்ணப்பம் பரிசீலிக்கப்படாமலே திரும்பிவிடும். 2026 ஜனவரி 1 முதல், பொதுத்துறைக் கல்வி நிறுவனங்களில் முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்கப் போகிறவர்களுக்கு இந்த ஒப்புதல் கடிதம் தேவையில்லை. ஆகவே டிப்ளமா படிக்கப் போகிறவனுக்கும் முதுகலை படிக்கப் போகிறவனுக்கும் கதவு ஒரே அளவில் திறந்திருக்கவில்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

முன்பு இந்திய மாணவர்களின் விண்ணப்பங்களை விரைவாகப் பரிசீலிக்க ஒரு தனித்திட்டம் இருந்தது. அது 2024 நவம்பர் 8 அன்று முடிந்துவிட்டது. “இருபது நாளில் விசா” என்று இன்றைக்கும் எவராவது உங்களுக்கு வாக்குக் கொடுத்தால், அவர் இல்லாத ஒரு திட்டத்தை விற்கிறார்.

உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்

கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்ற உவமையை நாம் அறிவோம். இங்கேயும் அப்படியே செய்வோம்.

கியூபெக் மாகாணத்துக்கு வெளியே படிக்கும் ஒரு தனி மாணவன், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென்று காட்ட வேண்டிய தொகை 2023 முடியுமட்டும் 10,000 கனடா டாலராக இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் அது 20,635 டாலர் ஆயிற்று. 2025 செப்டம்பர் 1 முதல் 22,895 டாலர். ஒரு டாலரை 60 ரூபாய் என்று வைத்தாலே இது 13 லட்சத்து 73 ஆயிரத்து 700 ரூபாய். இந்தத் தொகை அவ்வப்போது உயர்த்தப்படுகிறபடியால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது வாழ்க்கைச் செலவு மாத்திரம். முதலாண்டுக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் இதற்கு மேலானவை. விண்ணப்பக் கட்டணம் 150 டாலர், கைரேகை மற்றும் புகைப்படப் பதிவுக்கு 85 டாலர். மருத்துவப் பரிசோதனைச் செலவும் உண்டு. அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பக் கட்டணம் திரும்பாது.

பணத்தை எப்படிக் காட்டலாம்? வங்கிக் கல்விக் கடன், நான்கு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, கல்லூரிக்குக் கட்டணம் செலுத்திய ரசீது, பணம் கொடுக்கிற உறவினரின் கடிதம் ஆகியவற்றை விதி ஏற்றுக்கொள்கிறது. ஆகவே சித்தப்பாவோ தாய்மாமனோ மெய்யாகவே உதவிசெய்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. அப்படியே எழுதலாம். ஆனால், ஒரு மாதத்திற்கு வட்டிக்கு வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பும் பணம் உதவி அல்ல, அது பொய். அந்தப் பொய்யின் பலன் விசா அதிகாரியிடம் தொடங்குகிறதில்லை. பிள்ளை அங்கே போய் இறங்கின இரண்டாம் மாதம் அறை வாடகை கொடுக்க முடியாமல் நிற்கும்போதே தொடங்குகிறது. அரசு அந்தத் தொகையைக் கேட்பது நம்மைத் தடுப்பதற்காக மாத்திரம் அல்ல. அந்தக் குளிரான தேசத்தில் ஒரு பிள்ளை பட்டினியில்லாமல் வாழ அவ்வளவு செலவாகும் என்பதாலும்தான்.

நம் நாட்டு வங்கிகளில் கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். அந்த அடமானம் பெரும்பாலும் ஊரிலுள்ள பூர்வீக வீடாகவே இருக்கும். அந்த வீட்டில் உங்கள் வயதான தாயார் குடியிருக்கலாம். கையெழுத்திடுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

“அங்கே போய் வேலை செய்து கட்டிவிடுவான்”

இந்த வார்த்தையை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். விதி என்ன சொல்கிறது? 2024 நவம்பர் 8 முதல், வகுப்புகள் நடக்கும் காலத்தில் மாணவன் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வாரத்திற்கு 24 மணிநேரம் மாத்திரமே வேலை செய்யலாம். கல்லூரி அட்டவணைப்படியான விடுமுறைக் காலத்தில் முழுநேரமும் செய்யலாம். 2022 நவம்பர் முதல் 2024 ஏப்ரல் முடிய இந்த மணிநேர வரம்பு தற்காலிகமாக நீக்கப்பட்டிருந்தது. அந்நாட்களில் போன பிள்ளைகள் சம்பாதித்த கதையைக் கேட்டு, இன்றைக்குப் போகும் பிள்ளைக்குக் கணக்குப் போடாதேயுங்கள். அந்தச் சலுகை முடிந்துபோயிற்று.

கணக்கில் காட்டாமல் கையில் ரொக்கமாகக் கொடுக்கும் வேலைக்குப் போனால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். வரம்பை மீறினால் மாணவன் என்ற நிலையையே இழக்க நேரிடும், பின்வரும் அனுமதிகளும் மறுக்கப்படலாம். அன்றியும் அப்படி வேலை வாங்குகிறவன் கூலியைப் பிடித்தம் செய்தாலும் பிள்ளை முறையிடத் தயங்குவான். கல்லூரிக் கட்டணத்தைப் பகுதிநேர வேலையால் கட்டலாம் என்ற கணக்கு முதலாவது தவணையிலேயே உடைந்துபோகும்.

கல்லூரி மாறுவதற்கும் இப்போது விதி உண்டு. 2024 நவம்பர் முதல், ஒரு கல்லூரியிலிருந்து வேறொரு கல்லூரிக்கு மாற விரும்பினால் புதிய படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். “முதலில் எதிலாவது சேர்ந்து உள்ளே போய்விடு, பிறகு நல்ல கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம்” என்ற ஆலோசனை இன்றைக்கு ஆபத்தானது.

படிப்பு முடிந்தபின்

பெற்றோர் அதிகமாய் ஏமாறுகிற இடம் இதுவே. படிப்பு முடிந்தபின் வேலை செய்வதற்கான அனுமதி எல்லாப் படிப்புக்கும் கிடைப்பதில்லை. எட்டு மாதத்துக்குக் குறைந்த படிப்புக்குக் கிடையாது. தனியார் கல்லூரிகள் பலவற்றின் படிப்புகளுக்குக் கிடையாது. கல்லூரி டிப்ளமா படிக்கிறவர்கள், 2024 நவம்பர் 1 முதல் புதிதாக விண்ணப்பித்திருந்தால், அரசு பட்டியலிட்டுள்ள துறைகளில் படித்திருக்க வேண்டும். பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு இந்தத் துறைப் பட்டியல் பொருந்தாது. மேலும் அதே நாள் முதல் மொழித்தேர்வு முடிவையும் காட்ட வேண்டும். பட்டதாரிகளுக்குக் கனடாவின் மொழி அளவுகோலில் 7-ஆம் நிலையும், கல்லூரி டிப்ளமா முடித்தவர்களுக்கு 5-ஆம் நிலையும் தேவை.

இந்த அனுமதி வாழ்நாளில் ஒருமுறை மாத்திரமே கிடைக்கும். படிப்பு முடிந்து 180 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாண்டுப் படிப்புக்கும், எட்டு மாதத்துக்குக் குறையாத முதுகலைப் பட்டத்துக்கும் மூன்றாண்டு வரை கிடைக்கலாம். குறுகிய படிப்புக்குப் படித்த காலத்தின் அளவே கிடைக்கும்.

மருமகளையோ மருமகனையோ உடன் அனுப்ப நினைக்கிறவர்களும் கவனியுங்கள். 2025 ஜனவரி 21 முதல், மாணவரின் துணைவருக்கு வேலை அனுமதி பொதுவாகப் பதினாறு மாதத்துக்குக் குறையாத முதுகலைப் படிப்புக்கும், முனைவர் படிப்புக்கும், மருத்துவம், செவிலியம், பொறியியல் போன்ற குறிப்பிட்ட தொழிற்படிப்புகளுக்கும் மாத்திரமே உண்டு.

வேலை அனுமதி வேறு, பி.ஆர். வேறு. ஒன்றைப் பெற்றவருக்கு மற்றது தானாக வராது. அதற்குத் தனி விண்ணப்பம், தனி மதிப்பெண், தனிப் போட்டி உண்டு.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். “நிரந்தரமாகத் தங்க ஆசை இருக்கிறது என்று சொல்லாதே, சொன்னால் விசா வராது” என்று பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறார்கள். கனடாவின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிற்காலத்தில் அங்கே நிலையாக வசிக்க விரும்புவது தற்காலிகமாகச் செல்வதற்குத் தடையல்ல என்று அதன் 22-ஆம் பிரிவே கூறுகிறது. அனுமதிக் காலம் முடியும்போது வேறு அனுமதி இல்லையென்றால் திரும்பிவிடுவேன் என்பதை அதிகாரி நம்ப வேண்டும், அவ்வளவே. பொய் தேவையில்லாத இடத்திலும் பொய்யைக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு வேதனையான காரியம்!

முகவரிடம் கேட்க வேண்டியவை

முகவர்கள் எல்லாரும் தீயவர்கள் என்று நான் எழுதவில்லை. உத்தமமாய் வேலை செய்கிறவர்களும் உண்டு. ஆனாலும் சிலவற்றை நாம் கேட்டே ஆக வேண்டும்.

முதலாவது, நீங்கள் யாரிடமிருந்து பணம் பெறுகிறீர்கள்? மாணவனைச் சேர்த்துவிட்டதற்காகக் கல்லூரியிடமிருந்து தரகு பெறுகிற முகவர்கள் அநேகர். அப்படிப்பட்டவர் உங்கள் பிள்ளைக்கு ஏற்ற கல்லூரியைவிடத் தமக்குத் தரகு தரும் கல்லூரியைக் காட்டக்கூடும்.

இரண்டாவது, கனடாவின் குடிவரவு விண்ணப்பத்துக்குக் கட்டணம் பெற்று ஆலோசனை கூற உங்களுக்கு உரிமம் உண்டா? சட்டப்படி அந்த உரிமை அந்நாட்டு வழக்கறிஞர் சங்கங்களின் உறுப்பினர்களுக்கும், கியூபெக்கின் நோட்டரிகளுக்கும், குடிவரவு ஆலோசகர்களுக்கான அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பில் உரிமம் பெற்றவர்களுக்கும் மாத்திரமே உண்டு. அந்த அமைப்பின் இணையதளத்தில் பெயரைத் தேடி எவரும் சரிபார்க்கலாம்.

மூன்றாவது, விண்ணப்பத்தில் பிரதிநிதி என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதுவீர்களா? பணம் வாங்கிக்கொண்டு பெயரை மறைக்கிறவர், கஷ்டம் வரும் நாளில் முகத்தையும் மறைப்பார்.

நான்காவது, விண்ணப்பத்தின் முழு நகலையும், இணையக் கணக்கின் கடவுச்சொல்லையும் எங்களிடம் கொடுப்பீர்களா? கொடுக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐந்தாவது வேலை உங்களுடையது. சேர்க்கைக் கடிதம் வந்ததும், கல்லூரியின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலுள்ள முகவரிக்கு உங்கள் பிள்ளையே மின்னஞ்சல் எழுதி, “இந்த எண்ணுள்ள கடிதத்தை நீங்கள் கொடுத்தீர்களா?” என்று கேட்கட்டும். ஒரு மின்னஞ்சலுக்குச் செலவு ஒன்றுமில்லை. அது செய்யப்படாததினால் எத்தனை பிள்ளைகள் கண்ணீர் வடித்தார்கள்!

நாடு மாறினாலும்

கனடாவைச் சொன்னது ஓர் எடுத்துக்காட்டுக்காகவே. வேறு தேசங்களுக்கும் நிபந்தனைகள் உண்டு. பிரிட்டனில் 2024 ஜனவரி 1 முதல், வகுப்புவழி முதுகலை படிக்கச் செல்பவர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் வகுப்புக் காலத்தில் இரண்டு வாரத்திற்கு 48 மணிநேரம் மாத்திரமே வேலை. 2025 ஜூலை முதல் மாணவர் விசாக் கட்டணமே 2,000 ஆஸ்திரேலிய டாலர். அமெரிக்காவில் வகுப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்திற்கு 20 மணிநேரம்வரை வேலை செய்யலாம், முதலாண்டில் வெளியே வேலைக்குப் போகக் கூடாது.

அமெரிக்காவில் 2019-இல் வெளிப்பட்ட ஒரு காரியமும் நமக்கு எச்சரிப்பு. மிச்சிகன் மாநிலத்தில் ஃபார்மிங்டன் என்ற பெயரில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதற்கு ஆசிரியர்களும் இல்லை, வகுப்புகளும் இல்லை. அதை நடத்தினவர்கள் அந்நாட்டு அரசின் மறைமுக அதிகாரிகளே. படிக்காமல் பெயரைப் பதிந்துகொண்டு வேலை செய்ய நினைத்தவர்களைப் பிடிப்பதற்காக அது அமைக்கப்பட்டிருந்தது. பிடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். அரசு அப்படிச் செய்தது நியாயமா என்று அங்கேயே கேள்வி எழுந்தது. ஆனாலும் படிப்பு இல்லாத படிப்பு அனுமதி எந்த நாட்டிலும் நிலைநிற்காது என்பது விளங்குகிறது.

மறுக்கப்பட்டால்

எல்லாவற்றையும் உண்மையாய்ச் செய்தும் விசா மறுக்கப்படலாம். அது பிள்ளையின் தகுதிக்கு வந்த தீர்ப்பு அல்ல. விசுவாசக் குறைவு என்று அவனைக் குற்றப்படுத்தவும் வேண்டாம். மறுப்புக் கடிதத்திலுள்ள காரணத்தை வாசித்து, குறைவைச் சரிசெய்து, மறுபடியும் விண்ணப்பிக்க வழி உண்டு. ஒன்றை மறக்காதேயுங்கள். எந்த நாடாவது முன்பு விசா மறுத்ததா என்ற கேள்வி அடுத்த விண்ணப்பத்தில் வரும். அதை மறைத்தால், நேர்மையான ஒரு மறுப்பு ஐந்தாண்டுத் தடையாக மாறிவிடக்கூடும். மறுக்கப்பட்டால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்ற கல்லூரியின் விதியையும், பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சிக்கல் வந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தையும், நம் வெளியுறவுத் துறையின் மதத் என்ற குறைதீர்ப்பு இணையதளத்தையும் நாடலாம். பிள்ளைகள் பயத்தினால் வீட்டில் சொல்லாமலிருப்பதே பெரிய ஆபத்து. “என்ன நடந்தாலும் எங்களிடம் சொல், திட்ட மாட்டோம்” என்ற வார்த்தையை விமான நிலையத்தில் சொல்லி அனுப்புங்கள்.

அந்தக் குடும்பம்

முதலில் சொன்ன குடும்பத்துக்குத் திரும்புகிறேன். மூன்று மாலைவேளைகள் அந்த வாலிபனும் நானும் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, கனடா அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தை வரிவரியாக வாசித்தோம். மூன்றாம் நாள் தகப்பனாரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மகன் ஒவ்வொரு விதியையும் தமிழில் சொல்லச் சொல்ல அவருடைய முகம் வாடியது. “ஐயா, ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேனே” என்றார். சற்றுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு அந்தத் தாயார்தான், “ஐம்பதாயிரம் போகட்டும், வீடு போகவில்லையே” என்றார்.

அந்த விண்ணப்பத்தை அவர்கள் அனுப்பவில்லை. முன்பணத்தில் பாதி மாத்திரமே திரும்ப வந்தது. மகனுக்குச் சில வாரங்கள் என்மேல் வருத்தம் இருந்தது. என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பான். இப்போது அந்தேரியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறான். மாலையில் ஆங்கிலத் தேர்வுக்கு ஆயத்தப்படுகிறான். பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைக்கு இடம் தேடுகிறான். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்துப் போனால், தன் விண்ணப்பத்தில் எழுதியிருப்பது என்னவென்று அவனுக்குத் தெரியும். எல்லையில் எந்த அதிகாரி கேட்டாலும் தகப்பன் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லுவான்.

அருமையான பெற்றோரே, நம் பிள்ளைகள் தூரதேசம் போய்ப் படிப்பது நல்லதே. நாம் ஊரைவிட்டு வராதிருந்தால் அவர்கள் இந்த அளவுக்குப் படித்திருக்கவும் மாட்டார்கள். அவர்களைத் தடுக்க வேண்டாம். ஆனால் கண்ணைக் கட்டி அனுப்ப வேண்டாம். பணம் கட்டுமுன், பத்திரத்தை எடுக்குமுன், ஒரு மாலைவேளை குடும்பமாக உட்காருங்கள். பிள்ளை அந்த விண்ணப்பத்தின் ஒவ்வொரு கேள்வியையும், அதற்கு எழுதப்பட்டிருக்கும் பதிலையும் உரத்த சத்தமாய் வாசிக்கட்டும். “இது உண்மையா?” என்று நீங்கள் கேளுங்கள். எல்லாவற்றிற்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால் மாத்திரம் கையெழுத்துப் போடட்டும்.

என்னிடம் வருகிறவர்களுக்கும் இப்போது இதையே சொல்கிறேன். பாஸ்போர்ட்டை மாத்திரம் கொண்டுவராதேயுங்கள், விண்ணப்பத்தையும் எடுத்து வாருங்கள். முதலில் வாசிப்போம், பிறகு ஜெபிப்போம்.